காலி செய்த அறை

குழுக் கடனும் வாடகையும் போக
கையில் நிற்பது மூவாயிரத்து நூறு.
கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம்
நாலால் வகுக்கிறேன், முப்பதால் வகுக்கிறேன்,
எப்படி வகுத்தாலும்
இருபத்திரண்டாம் தேதி எண்ணெய் தீர்ந்துவிடுகிறது.

ரேஷன் அரிசிக்குக் குறையில்லை.
பருப்பு வந்தால் உண்டு. பாமாயில் வந்தால் உண்டு.
அந்த 'வந்தால்' எத்தனை விசில் விட்டாலும்
வேகமாட்டேன் என்கிறது.

ஞானவேல் மண்டித் தெருவில் மூட்டை தூக்குகிறான்.
பகலெல்லாம் முதுகில் பொன்னி,
ராத்திரி தட்டில் ரேஷன்.
அவன் சட்டையை உதறினால்
நாலு மணி விழும் வெள்ளையாய்.
சித்தார்த் கோழிக்குஞ்சு போலப் பொறுக்குவான்.

நான் காந்தி ரோட்டுச் சந்தில்
லாட்ஜ் அறை கூட்டுகிறேன்.
ரெண்டு நாள் ரயிலேறி வருகிறார்கள்,
அணைத்த கையில் ஆஸ்பத்திரி ஃபைல்.
வாரம் என்று வந்தது மாதமாகும்.
வாடகைக்கு ஒரு அடுப்பு, சின்னக் குக்கர்,
கட்டிலுக்கடியில் உருளைக்கிழங்கு.
ஊர் திரும்பும்போது
எடுத்துப்போக முடியாதது மிஞ்சும்.
பாய் தலையணை லாட்ஜுக்கு,
சமையல் சாமான் கூட்டுகிறவளுக்கு:
இது மேனேஜர் போட்ட சட்டம்.

அப்படித்தான் எங்கள் வீட்டுக்குள் வந்தது
கடுகெண்ணெய்.
முதல் நாள் யசோ துப்பிவிட்டாள்.
"இன்னாம்மா இது, மூக்குல ஏறுது."
மறுநாள் பதினாலாம் நம்பர் அம்மாவிடம்
பாட்டிலைக் காட்டிக் கேட்டேன்.
எங்களுக்குள் பாஷை கிடையாது.
வாணலி இருக்கவேண்டிய இடத்தில் கையை வைத்து
விரல்களை மெல்ல மேலே அசைத்தாள்:
புகை வரட்டும், அப்புறம் போடு.
பக்கத்தில் தொப்பி போட்ட அவள் பையன்
என் முகத்தைப் பார்த்துச் சிரித்தான்.
தொப்பிக்குக் கீழே முடியில்லை.

இப்போது என் பிள்ளைகளுக்கு
அந்த உருளைக்கிழங்குதான் வேண்டும்,
கருஞ்சீரகம் பொரிந்து, பச்சைமிளகாய் கீறிப்போட்டு.

சுமார் ஒன்பது வருஷமாகக் கூட்டுகிறேன்.
ஒன்று மட்டும் தெரிந்துவிட்டது.
உடம்பு தேறிப் போகிறவர்கள்
உப்பைக்கூடப் பொட்டலம் கட்டுவார்கள்.
பேரம் பேசி அடுப்பைத் திருப்பிக் கொடுத்து
மிச்சமிருக்கும் ரெண்டு வெங்காயத்தைக்
கையில் திணித்துவிட்டுச் சிரிப்பார்கள்.
நிறைய மிஞ்சினால்தான்
எனக்கு வயிற்றைப் பிசையும்.

செவ்வாய்க்கிழமை காலை
பதினாலாம் நம்பர் திறந்து கிடந்தது.
குக்கரில் ஊறப்போட்ட அரிசி அப்படியே.
முக்கால் பாட்டில் கடுகெண்ணெய்.
ஒரு கிலோ மைசூர்ப் பருப்பு, பிரிக்காதது.
அரைக்கூடை உருளை.
ஒரு பிஸ்கட் பாக்கெட்,
நாலு தின்று, வாயை மடித்து
துணிக் கிளிப் போட்டு வைத்திருந்தது.

தேதி இருபத்துமூன்று.
காலண்டர் தாளில் எண்ணெய்க்கு நேராக
ஒரு கோடு போட்டேன். பருப்புக்கு நேராக ஒரு கோடு.
முந்நூறு ரூபாய்க்கு மேல் மிச்சம்.
பேனாவை மூடப் போனவள்
சும்மா உட்கார்ந்திருந்தேன்.

பிஸ்கட்டை மட்டும் மேல் பலகையில் வைத்தேன்.
மூன்று நாள் இருந்தது.
வெள்ளிக்கிழமை சம்பளம் தள்ளிப்போனது.
சித்தார்த் அழுதான்.
பலகையை அவனே காட்டினான்,
எப்போது பார்த்து வைத்தானோ.
எடுத்துக் கொடுத்தேன்.
தின்று முடித்துத் துணிக் கிளிப்பைக்
காதில் மாட்டிக்கொண்டு
அக்காவிடம் ஓடினான்.

மேனேஜருக்குத் தெரியும்
ஆம்புலன்ஸா, ஆட்டோவா என்று.
கேட்டால் சொல்லிவிடுவார்.
தினமும் சாவி வாங்கும்போது
அவர் முகத்தைப் பார்க்காமல் வாங்குகிறேன்.

பருப்பு இன்னும்
ரெண்டு வேளைக்கு இருக்கிறது.
தீரட்டும், கேட்கிறேன்.